மூன்று கை மஞ்சள் தண்ணீர்

விமானம் ஏற இன்னும் பத்தொன்பது நாள் இருந்தபோது கூண்டு வந்து இறங்கியது.

இறங்கியது என்று சும்மா சொல்லிவிட முடியாது. நான்கு பேர் மூச்சுப் பிடித்து இறக்கினார்கள். செய்தவர் சண்முகவேல். நாமக்கல்லில் இருபது வருஷமாக லாரிகளுக்குப் பாடி கட்டுகிறவர். நாய்க்கு ஒரு கூண்டு என்று கேட்டால், தன் கைக்குப் பழகிய கனத்தில்தானே அவர் கட்டுவார்? தேக்குச் சட்டம், இரும்புப் பட்டை, மூலைக்கு மூலை போல்ட்டு. நான்கு பக்கமும் காற்றுப் போக வழி வேண்டும் என்று சுகன்யா சொல்லியிருந்தாள். கோழி லாரிக்கு வைப்பதுபோல வரிசையாக வைத்திருந்தார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. முன்பக்கம் மஞ்சள், பின்பக்கம் பச்சை, பக்கத்துக்கு இரண்டு தாமரை, நெற்றியில் கோரைப்பல் காட்டும் ஒரு பூத முகம், அடியில் கறுப்புக் கயிற்றில் குஞ்சம்.

"ஏனுங்ண்ணா, இது ஏரோபிளேன்ல போகோணுமுங்க," என்றாள் சுகன்யா.

"அதுக்குத்தானுங்க அம்மிணி அந்த மூஞ்சி. ரோட்டுல போறதுக்கே கண்ணு படுது. ஆகாசத்துல போறதுக்குப் படாதுங்களா?"

வாசற்படியில் நின்றிருந்த மாமியார் சௌந்திரம், சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"டயரு எங்கப்பா காணோம்? நாலு டயரு மாட்டியிருந்தீன்னா இவ ஓட்டிக்கிட்டே போயிருப்பாளல்ல."

சுகன்யா விமான கம்பெனி அனுப்பிய தாளைப் படித்துக் காட்டினாள். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். கனம் குறைவாக இருக்க வேண்டும். பெயிண்டு வாடை கூடவே கூடாது. சண்முகவேலுக்கு மற்றதெல்லாம் சம்மதம். "அப்ப மூஞ்சிய அழிக்கோணுங்களா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். பிறகு கூண்டைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார், பெண் பார்க்க வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்களைப் பார்ப்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

யாருக்காக இத்தனையும் நடந்ததோ அவன் தறிக்கூடத்து வாசலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். செம்மண் நிறம். நான்கு பாதமும் வெள்ளை. பெயிண்டு வாடைக்கு ஒரு தும்மல் போட்டான். அவ்வளவுதான் அவன் கருத்து.

பெயர் கேசிங்.

நாய்க்கு இப்படி ஒரு பெயரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். திருச்செங்கோட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆழ்துளைக் கிணற்றின் வாய் சரிந்துவிடாமல் இறக்குகிற குழாய்க்குக் கேசிங் என்று பெயர். சுகன்யாவின் கணவன் இளவழகன் அந்தக் கிணறுகளைக் குடையும் ரிக் வண்டியில் டிரில்லர். ஏழு வருஷம் முன்னால், சத்தீஸ்கரில் ஒரு மழைநாளில், லாரியில் அடுக்கியிருந்த கேசிங் பைப்பை இறக்கச் சாய்த்தபோது உள்ளிருந்து சறுக்கிக்கொண்டு வந்து அவன் காலடியில் விழுந்தது ஒரு குட்டி. கண் திறந்து சில நாள்தான் இருக்கும். அன்றிலிருந்து அது ரிக்கோடு ஊர் ஊராகப் போனது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஆந்திரா. பாறையைக் குடையும் சத்தத்தில் தூங்கி, கம்ப்ரசர் நின்றால் விழித்து வளர்ந்தது.

பதினான்கு மாதம் முன்னால் இளவழகனுக்குத் தான்சானியாவில் வேலை வந்தது. இங்கிருந்து கப்பலில் போன இரண்டு ரிக் வண்டிகளுக்கு அவன்தான் மூத்த டிரில்லர். கேசிங் லாரியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வந்தவன் ஒன்பது நாள் எதையும் தொடவில்லை. பத்தாம் நாள் சுகன்யா தரையில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த தயிர்ச் சோற்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நக்கினான். அவளுடைய கையிலிருந்து முகத்தை எடுக்காமலே தூங்கிப்போனான். அதன் பிறகு அந்த வீட்டில் இளவழகனின் போனுக்காகக் காத்திருக்கிறவர்கள் இரண்டு பேர்.

இப்போது அவளும் போகிறாள். அவனையும் கூட்டிக்கொண்டு போகிறாள். அவனை விட்டுவிட்டுப் போனால் அந்த ஒன்பது நாள் இன்னொரு தடவை வரும். இந்தத் தடவை பத்தாம் நாள் வருமா என்பது யாருக்கும் தெரியாது.

அதற்கான வேலைகள் நான்கு மாதமாக நடந்துகொண்டிருந்தன. நாமக்கல்லில் கால்நடை மருத்துவர் ஜெயபிரகாஷ், கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி மணி அளவு ஒரு மைக்ரோசிப்பை ஊசியால் செலுத்தினார். கருவியை மேலே காட்டியதும் பதினைந்து எண்கள் தெரிந்தன.

"அதென்னுங் சாமி, ஆதாராட்டமா?" என்றார் கூட வந்திருந்த சௌந்திரம்.

"ஆமாங்கம்மா. இதத் தொலைக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அந்த நாட்டு அனுமதிக் கடிதம் என்று ஒவ்வொன்றாக வந்தது. படிவத்தில் பிறந்த இடம் என்று ஒரு கட்டம். சுகன்யா யோசித்தபோது, "பைப்புக்குள்ளன்னு எழுது," என்றார் சௌந்திரம். மருத்துவர் சிரித்துவிட்டு இந்தியா என்று எழுதினார்.

மூன்றாம் நாளே கூண்டு திரும்பி வந்தது. இழைத்து இழைத்துப் பாதிக் கனம் ஆக்கியிருந்தார் சண்முகவேல். நிறமெல்லாம் போய் வெறும் மர நிறம். உள்ளே குனிந்து பார்த்தால்தான் தெரியும், பின்சுவரில் உள்ளங்கை அளவில் ஒரே ஒரு தாமரை, உளியால் கீறியது. "பெயிண்டு இல்லீங்க. வாடை வராது," என்றார்.

கேசிங் உள்ளே போக மாட்டேன் என்றான். பிஸ்கட் வைத்தாள். கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டான். அவள் பழைய சேலையை விரித்தாள். சேலையை இழுத்துக்கொண்டு வந்து வெளியே போட்டுப் படுத்தான். அப்போதுதான் இளவழகன் ஒரு யோசனை சொன்னான். தான்சானியாவில் தன் வண்டி ஓடும் சத்தத்தை நாற்பது நிமிஷம் பதிவு செய்து அனுப்பினான். சுகன்யா அந்தப் போனைக் கூண்டின் உள்மூலையில் வைத்துவிட்டு எழுந்து நகர்ந்தாள். கேசிங் காதைத் தூக்கினான். ஒரு காலை வைத்தான். பிறகு, வீட்டுக்குள் நுழைகிறவனைப்போல உள்ளே போய், தாமரைக்குக் கீழே சுருண்டுகொண்டான்.

அதிலிருந்து மத்தியானந்தோறும் அது வழக்கமாயிற்று. சௌந்திரத்தின் நான்கு விசைத்தறிகளும் சாப்பாட்டு நேரத்துக்கு நிற்கும். சுகன்யா கூண்டுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுப்பாள். போனிலிருந்து கம்ப்ரசர் ஓடும். பாறை பொடிபடும். சத்தம் மெல்ல மெல்லச் சத்தமாக இல்லாமல் போய், தரையில் ஊறும் ஒரு சூடாக மாறும். கேசிங்கின் வெள்ளைப் பாதங்கள் தூக்கத்தில் ஓடும். எந்த ஊர் ரோட்டில் ஓடுகிறானோ. அவளுக்கும் கண் செருகும்.

கனவில் கூண்டு ஆடாமல் மேலே எழும். தறிக்கூடத்து ஓடு கீழே போகும். செங்கோட்டு மலை, படுத்து அசைபோடும் செவலைக் காளையாகத் தெரியும். அதன் முதுகில் படிக்கட்டு ஒரு தழும்பு. காயப்போட்ட துணிகள் ஆறாக நீளும். ஓமலூரைத் தாண்டி ஒரு மேகத்துக்குள் போனால், அது மேகமில்லை, பாறைத் தூள். அதற்குள் தலைமுதல் கால்வரை வெள்ளையாக இளவழகன் நிற்பான், ஒரு குழியை எட்டிப் பார்த்தபடி. குழியிலிருந்து தண்ணீர் வருகிற இடத்தில் வெளிச்சம் வரும். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறப்பாள். அதற்குள் பதிவு முடிந்துவிடும்.

சத்தம் நின்றதும் கேசிங் எழுவான். வெளியே வந்து, காதில் தொடங்கி வால் முடிய உடம்பை ஓர் உதறு உதறுவான். காதுகள் பட் பட்டென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தில்தான் அவள் தினமும் விழித்தாள்.

பதின்மூன்று நாள் இருந்தபோது சௌந்திரம் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, ரேசன் கடைக்குப் போக வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழமை. கேசிங்குகிட்டக் கேட்டுப்போடலாம்."

"என்னங் அத்தை கேக்கறது?"

"போறயா இல்லையான்னு. இந்த ஊட்டு வாசலத் தாண்டி நாலுகால் உசுரு எது போனாலும், அதுகிட்டக் கேக்காம அனுப்புனதில்ல அம்மிணி. உன்ற மாமனாரு செவலக் காளைய வித்தப்பக் கேட்டோம். என்ற நாத்தனாருக்கு எருமை குடுத்தப்பக் கேட்டோம். மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கேக்கோணும். துளுக்குச்சுன்னா சம்மதம்."

துளுக்குவது என்றால் என்ன என்று சுகன்யாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோம்பியில் கிடா வெட்டுகிற இடத்தில் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலுப்பி உதற வேண்டும். உதறாதவரை யாரும் அரிவாளைத் தொட மாட்டார்கள். ஒரு தடவை ஒரு கிடா துளுக்காமல் நின்று, ஊரே உச்சிவெயிலில் கைகட்டி நின்றது.

"அவன் என்ன கெடாயாங் அத்தை?"

"கெடாக்கிட்டயே கேக்கறோம். உன்ற கையில சோறு உங்கறவன், அவனக் கேக்க மாட்டமா?"

சுகன்யா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். தண்ணீர் பட்டால் உதறாத நாய் உலகத்தில் உண்டா? மாமியாருக்கும் திருப்தி, நமக்கும் ஒரு வேலை முடிந்தது. வீடியோ எடுத்து இளவழகனுக்கு அனுப்பலாம் என்றும் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. தறிக்கூடத்துக்குப் பின்னால் வேம்பின் அடியில் ஏழு கன்னிமார் கல். வேப்பிலைகளின்மேல் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. சௌந்திரம் கல்லுக்கெல்லாம் பூ வைத்தார். சொம்பில் மஞ்சள் கரைத்தார். கேசிங்கைக் கட்டவில்லை, பிடிக்கவில்லை. கூப்பிட்டதும் வந்து நின்றான்.

"சாமி, இவ உன்னையக் கடலுக்கு அக்கட்டால கூட்டிட்டுப் போறேங்கறா. உனக்குச் சம்மதமுன்னாத் துளுக்கு."

ஒரு கை தண்ணீர். முதுகில் விழுந்து இரண்டு பக்கமும் வழிந்தது. கேசிங் நின்றான்.

இரண்டாவது கை. தலையில் விழுந்தது. காதுமடல் வழியாகச் சொட்டியது. மீசை முடிகளில் மஞ்சளாக மணி கோத்தது. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கன்னிமார் கல்லையும் தாண்டித் தெற்கே எதையோ பார்த்தபடி, கால் நான்கையும் ஊன்றி நின்றான்.

"கேசிங்," என்றாள் சுகன்யா. குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"நீ கூப்படாத. அதுவாச் சொல்லோணும்."

மூன்றாவது கை. சொம்பே காலி. அடிவயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. அவன் சிலையாக நின்றான். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மண்ணில் விழுந்த மஞ்சள் உலரத் தொடங்கியது.

சௌந்திரம் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "கேட்டாச்சு. பதிலு வந்துருச்சு."

"இன்னொரு தடவ கேக்கலாமுங் அத்தை."

"மூணுதான் கணக்கு. நாலாவது கேட்டா அது கேக்கறதில்ல அம்மிணி. மெரட்டறது."

சொல்லிவிட்டுத் தறிக்கூடத்துக்குள் போய்விட்டார்.

அடுத்த நாட்கள் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல நகர்ந்தன. சுகன்யா பெட்டியில் துணியை வைத்தாள், எடுத்தாள். மாமியாரை மீறிக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்பதில்லை. ஆனால் அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். உச்சிவெயிலில் கைகட்டி நின்றவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர். ஒருவேளை நிஜமாகவே அவனுக்கு விருப்பம் இல்லையோ? தன் துணைக்காக, வாயில்லாத ஒன்றைப் பெட்டியில் அடைத்து ஆகாசத்தில் தூக்கிப் போகப் பார்க்கிறாளோ?

கேசிங்கோ எதுவும் நடக்காததுபோல மத்தியானம் கூண்டுக்குள் போய்ப் படுத்தான். சௌந்திரம் அவனுக்குத் தினமும் ஒரு முட்டை அவித்து வைத்தார். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒன்றுதான். அதைச் சுகன்யா கவனித்தாள்.

எட்டு நாள் இருந்தபோது மருத்துவர் ஜெயபிரகாஷ் போன் செய்தார். "ஆரோக்கியச் சான்றிதழ் கடைசி வாரத்துலதான் குடுக்கணும். நாளைக்குக் காலைல கூட்டிட்டு வந்தாத்தான் தேதி சரியா வரும். வரலைன்னா சொல்லிடுங்க, விமான கம்பெனிக்கு நான் தெரிவிக்கணும்."

"காலைல சொல்றனுங் சார்," என்றாள்.

போனை வைத்தவள், வெள்ளிக்கிழமை எடுத்து அதுவரை அனுப்பாமல் வைத்திருந்த வீடியோவை இளவழகனுக்கு அனுப்பினாள். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. கால் மணி நேரத்தில் அவன் கூப்பிட்டான்.

"பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன். அது யாரு வண்டி?"

"எந்த வண்டிங்?"

"ரிக்கு, புள்ள. வீடியோவுல ஓடுதே. அம்மா பேசறதே சரியாக் கேக்கல, கம்ப்ரசர்தான் கேக்குது."

"எனக்கு எதுவும் கேக்கலீங்களே."

"மறுபடியும் போட்டுப் பாரு."

போட்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது கேட்டது. மாமியாரின் குரலுக்கு அடியில், சொட்டுகிற தண்ணீருக்கு அடியில், நிற்காமல் ஒரு பெரிய இரைச்சல். தெற்கே, பக்கத்திலேயே இருக்கும் கருப்பண்ணன் தோட்டத்தில் அந்த வெள்ளிக்கிழமை போர் போட்டார்கள். இலையில் படிந்திருந்த தூளை அவள் அன்றே கண்ணால் பார்த்திருந்தாள். இரைச்சல் மட்டும் காதில் ஏறவில்லை. பிறந்ததிலிருந்து ஏதாவது ஒரு திசையில் ரிக் ஓடிக்கொண்டே இருக்கிற ஊர் இது. தன் மூச்சுச் சத்தம் யாருக்குக் கேட்கிறது? கடல் தாண்டிப் போனவன் காதுக்குத்தான் கேட்டது.

"வண்டி ஓடறப்ப அவன் உதறவே மாட்டான்," என்றான் இளவழகன். "குட்டியா இருந்தப்ப உதறி உதறிப் பாத்தான். உதறுன மறு நிமிசம் குழியில இருந்து மறுபடியும் சேறு மேல அடிக்கும். எத்தன தடவதான் உதறுவான்? அப்பறம் உட்டுட்டான். இஞ்சின் ஓடற வரைக்கும் அப்பிடியே நிப்பான். பத்து மணி நேரம் ஆனாலுஞ் சரி, சேறு காஞ்சு செலையாட்டம் நிப்பான். நான் சாவியத் திருப்பி வண்டிய நிறுத்துனதும் ஒரே ஒரு உதறு. ஒரு மூட்டைத் தூளு எந்திரிக்கும். அதுக்கப்பறந்தான் நாங்களே வேல முடிஞ்சுதுன்னு உக்காருவோம்."

சுகன்யா இதைத் தினமும் பார்த்தாளே. பதிவு நின்றதும் எழுந்து வந்து உதறுவானே. அந்தச் சத்தத்தில்தானே கண் விழித்தாள்.

தறிக்கூடத்துக்கு ஓடினாள். சௌந்திரம் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் எதுவும் பேச முடியாது. கையைப் பிடித்து வெளியே வேம்படிக்குக் கூட்டி வந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். வீடியோவைக் காதருகே வைத்தாள்.

சௌந்திரம் கேட்டார். முழுதும் கேட்டார். பிறகு போனைக் கொடுத்துவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். கிழக்கே ஒரு ரிக் ஓடியது. வடக்கே, ரொம்ப தூரத்தில், இன்னொன்று.

"இத்தனையுமா ஓடுது?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"ஆமாங் அத்தை."

கேசிங் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

"அவன் துளுக்குனான், அம்மிணி."

சுகன்யாவுக்கு முதலில் புரியவில்லை.

"அன்னிக்குப் பொழுதெறங்க. தறிய நிறுத்திப்போட்டு வெளிய வந்தேன். இங்கயேதான் படுத்திருந்தான், மஞ்சளு மேலெல்லாங் காஞ்சு போயி. தெக்கால என்னமோ நின்னாப்பல இருந்துச்சு. என்ன நின்னுச்சுன்னு அப்ப எனக்குத் தெரியல. சட்டுனு எந்திரிச்சான். காதுல இருந்து வாலு மட்டும் ஒரு துளுக்கு. மஞ்சத் தூளு வெயிலுல அப்பிடியே பறந்துச்சு. பாக்கறதுக்கு அத்தன நல்லா இருந்துச்சு."

"நீங்க சொல்லவே இல்லீங்களே."

"சொல்லல. ஈ மொச்சுதுன்னு நெனச்சுக்கிட்டேன்." சௌந்திரம் கீழே பார்த்தார். "நெனச்சுக்கிட்டேனா? அப்பிடி நெனைக்கோணும்னு நெனச்சேன். காலைல அவன் துளுக்காம நின்னப்ப என்ற மனசு குளுந்து போச்சு, சாமி. தறி நின்னா இந்த ஊட்டுல வேற சத்தமே இல்ல. அவன் தண்ணி குடிக்கற சத்தமாச்சும் இருக்கட்டும்னு பாத்தேன். அந்த ஆசையில கண்ணால பாத்தத முழுங்கிப்போட்டேன்."

சுகன்யாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தினமும் வைத்த முட்டைதான் நினைவுக்கு வந்தது.

"அப்ப இங்கயே இருக்கட்டுங்களா அத்தை?" கேட்டுவிட்டாள். இதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சௌந்திரம் குனிந்து கேசிங்கின் காதை இரண்டு விரலால் தடவினார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சம்மதம் சொன்ன உசுரப் புடிச்சு வெச்சா, அது என்ற கையில சோறு உங்குமா? காலைல டாக்டருக்குச் சொல்லிப்போடு. நானும் வாரேன்." இரண்டு எட்டு நடந்தவர் திரும்பினார். "அந்தச் சண்முகவேலு அழிச்சுப்போட்ட மூஞ்சி இருந்திருக்கலாம். கண்ணு படற மாதிரித்தான் இருக்கறான்."

பெங்களூரு விமான நிலையத்தில் கால்நடை அதிகாரி கருவியைக் கழுத்தில் காட்டினார். பதினைந்து எண்களும் தாளோடு ஒத்துப்போயின. கூண்டைத் தட்டிப் பார்த்த சரக்குக்காரர், "யார் செஞ்சது? பாலமே கட்டலாம்போல," என்றார். போனை உள்ளே வைக்க விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கம்பிக் கதவுக்குப் பின்னால் இரண்டு கண்கள் அவளையே பார்த்தபடி சக்கர வண்டியில் போயின.

வழியனுப்ப வந்திருந்த சௌந்திரம் கையை ஆட்டவில்லை. கூண்டு மறைகிறவரை பார்த்துவிட்டு, "தண்ணிக் கிண்ணம் மாட்டியிருக்குதல்ல?" என்று மட்டும் கேட்டார்.

விமானம் ஓடத் தொடங்கியதும் தரையிலிருந்து அந்த அதிர்வு வந்தது. உள்ளங்கால் வழியாக ஏறியது. சுகன்யா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை அழுத்தி வைத்தாள். கம்ப்ரசர் மாதிரியே இருந்தது. அதைவிடப் பெரியது. அடியில் எங்கோ, இருட்டில், தாமரைக்குக் கீழே சுருண்டிருக்கிறவனுக்கும் இது கேட்கும். வண்டி ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வான். வேலை நடக்கிறது, இன்னும் முடியவில்லை, பொறுத்திருக்க வேண்டும்.

கண் செருகியது. மேகங்கள் பாறைத் தூளாகப் பக்கத்தில் வந்தன. நடுவில் ஒரு நாட்டில் இறங்கி இன்னொரு விமானம் ஏறியதுகூட, தூக்கத்தில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்ததுபோலத்தான் இருந்தது. விழித்தபோது ஜன்னலுக்குக் கீழே கடல் முடிந்து மண் தொடங்கியது. சிவந்த மண். ஒரு நொடி, சுற்றிவிட்டு ஊருக்கே வந்துவிட்டோமோ என்று நினைத்தாள்.

சரக்குக் கூடத்துக்கு வெளியே, ஒரு மாமரத்தடியில் பிக்கப் வண்டியை ஓடவிட்டு நின்றான் இளவழகன். கறுத்து, மெலிந்து, தாடியோடு. பதினான்கு மாதத்துக்கு என்னென்னவோ பேச நினைத்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, கூண்டுப் பக்கம் குனிந்தார்கள். போன் வழியாகச் சௌந்திரமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெறந்து உடு கண்ணு."

கதவு திறந்தது. கேசிங் ஒரு காலை வைத்தான். மண்ணை மோந்தான். இளவழகனின் பூட்ஸை மோந்தான். வாலுக்குப் பைத்தியம் பிடித்தது. அவன் மடியில் ஏறி, தாடியை நக்கி, முனகி, இறங்கி, சுகன்யாவிடம் வந்து, திரும்ப அவனிடம் போய் — ஆனால் முதுகு மட்டும் விறைப்பாகவே இருந்தது. எதற்கோ காத்திருப்பவன்போல நடுவில் நின்றுகொண்டான். நெடும் பயணத்தின் தூசி முடியில் அப்பியிருந்தது.

"துளுக்கலையே," என்றது போன்.

இளவழகன் எழுந்தான். பிக்கப்பின் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான்.

இஞ்சின் நின்றது. அப்படியொரு நிசப்தத்தைச் சுகன்யா அதுவரை கேட்டதில்லை. எந்தத் திசையிலும் எதுவும் ஓடவில்லை. போனுக்குள்ளும் அதே நிசப்தம். இந்நேரம் தறி ஓடியிருக்க வேண்டும்.

"தறி என்னாச்சுங் அத்தை?"

"நிறுத்திப்போட்டேன். பேசாத இரு."

கேசிங் காதைத் தூக்கினான். பிறகு, தலையில் தொடங்கியது. காதுகள் பட்பட்டென்று அடித்துக்கொண்டன. தோள், முதுகு, விலா, இடுப்பு, வால் நுனி. தூசி எழுந்து மாமர நிழலுக்குள் வந்த வெயிலில் பொன்னாகச் சுற்றியது. அடங்க நேரம் பிடித்தது. அது அடங்கிய பிறகுதான் அவன் கால்களை மடக்கி, அந்த மண்ணில், பெருமூச்சு விட்டுப் படுத்தான்.

போனில் சௌந்திரம் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துட்டேன்," என்றார். "துளுக்கிருச்சு. நான் பாத்துட்டேன்."